23 ஏஎம்ஆர் கோப்புகளும் என் புள்ளிகளும்

என் தந்தை, எங்கள் ஐயா, காலமானதன் 31ஆம் நாளுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கையில் அவருடைய பழைய பொத்தான் போனைக் கண்டெடுத்தேன். அலுமாரியில் அடையாள அட்டைக்கும் ஓய்வூதியப் புத்தகத்துக்கும் நடுவில், இறப்பர் பட்டி போட்டு வைத்திருந்தார். பற்றரி ஊதிப்போய்ப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. போன் உயிர் பெறவில்லை. அதற்குள் இருந்த மெமரி கார்டில் மட்டும் உயிர் இருந்தது. 23 ஒலிக் கோப்புகள். பெயர்களெல்லாம் வெறும் எண்கள். எல்லாமே ஏஎம்ஆர் என்று முடிந்தன.

ஐயா கோயில்களில் புராண படிப்புக்குப் பயன் சொல்பவர். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றவர் அதன் பொருளை விரித்துச் சொல்வது எங்கள் ஊர்களில் உள்ள வழக்கம். கோயிலுக்குள் மேலாடை இல்லாததால் போனை வைக்கச் சட்டைப்பை கிடையாது. ஆகவே புத்தகம் வைக்கும் பலகையிலேயே போனையும் வைத்திருக்கிறார். ஒவ்வொரு கோப்பிலும் தாள் புரளும் ஓசை ஓலைக் கூரையில் பல்லி விழுந்தாற்போல் 'சடக்' என்று கேட்கிறது. அதற்குப் பிறகுதான் குரல்.

இந்தக் குரலை 31ஆம் நாள் வீட்டு முற்றத்தில் ஒலிபெருக்கியில் போட வேண்டும், ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்கும் அனுப்ப வேண்டும் என்பது என் எண்ணம். தம்பியின் போனில் கோப்பு திறக்கவில்லை. ஒலிபெருக்கிக்காரருக்கு எம்பி3தான் வேண்டுமாம். ஆகவே மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கு நான் முயன்ற வழிகளையும் ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு நான் போட்ட புள்ளிகளையும் கீழே எழுதுகிறேன். எனக்குக் கணினி அவ்வளவாக வராது, காது வரும். 28 வருடம் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இயக்குநராக இருந்தவள். தொலைபேசிக் குரல் என்றால் என்ன என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஏஎம்ஆர் என்பது அந்தத் தொலைபேசிக் குரல்தான். கைத்தொலைபேசி வலையமைப்புகளில் பேச்சை அனுப்புவதற்காக 1999இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை இது. ஒலியைச் செக்கனுக்கு 8000 தடவை அளக்கிறது. அதனால் 4000 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ள எதுவும் அதற்குள் நிற்காது. 'ச', 'ஸ' போன்ற எழுத்துகளின் கூர்மை போய்விடுவது அதனால்தான். இன்னொன்றும் உண்டு. அது குரலின் அலையை அப்படியே எழுதிவைப்பதில்லை. தொண்டையும் வாயும் எப்படி அமைந்தால் இந்த ஒலி பிறக்கும் என்ற குறிப்பை, செக்கனில் ஐம்பதில் ஒரு பங்குத் துண்டுகளாக எழுதிவைக்கிறது. மனிதக் குரலுக்கு அது அற்புதமான சிக்கனம். ஐயா பயன் சொல்லும் இடங்கள் எல்லாம் தெளிவு. வாசிப்பவர் இராகத்தை இழுக்கும் இடத்தில் சற்றுத் தடுமாற்றம். கோயில் மணி அடிக்கும் இடத்திலோ தண்ணீருக்குள் யாரோ கரண்டியால் தட்டுவதுபோல் இருக்கிறது. மணிக்குத் தொண்டை இல்லை.

முதலில் வந்த யோசனை பக்கத்து வீட்டுப் பையனுடையது. கோப்பின் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஏஎம்ஆரை அழித்துவிட்டு எம்பி3 என்று எழுதினால் போதும் என்றான். எழுதினோம். கணினியில் பாடியது, அவனும் துள்ளினான். ஒலிபெருக்கிக்காரரின் பெட்டியில் பாடவில்லை. காரணம் எளிது. கணினியில் இருந்த மென்பொருள் பெயரைப் பாராமல் கோப்பின் தலையைப் பார்க்கிறது. ஏஎம்ஆர் கோப்பின் முதல் ஆறு பைட்டில் அது ஏஎம்ஆர் என்றே எழுதியிருக்கிறது. நோட்பேட்டில் திறந்து நானே பார்த்தேன். பலாப்பழத்தின் மேல் மாம்பழம் என்று ஒட்டிய சீட்டு. புள்ளி: பூச்சியம்.

அடுத்தது நகரத்தில் ஒரு கடை. பெயர் வேண்டாம். ஒரு கோப்புக்கு 150 ரூபா, 23க்கு 3450 ரூபா. கார்டைக் கொடுக்காமல் பிரதி எடுத்த பென் டிரைவைத்தான் கொடுத்தேன். அதை மட்டும் நான் சரியாகச் செய்தேன். மறுநாள் போனபோது கடைத் தம்பி, "அன்ரி, சத்தம் குறைவாக இருந்தது, கூட்டித் தந்திருக்கிறேன்" என்றார். வீட்டில் கேட்டேன். ஐயா குரலை உயர்த்தும் ஒவ்வோர் இடத்திலும் ஒலி வெடித்துச் சிதறுகிறது. அலையின் உச்சியைக் கத்தியால் வெட்டியதுபோல. வெட்டியது வெட்டியதுதான், பிறகு சத்தத்தைக் குறைத்தாலும் அந்த உச்சி முளைக்காது.

அதையாவது பொறுத்திருப்பேன். அந்தப் பென் டிரைவை ஒலிபெருக்கிக்காரத் தம்பி தன் பெட்டியில் செருகினார். திரையில் எண் மட்டும் 1, 2, 3 என்று ஓடி 23இல் போய் நின்றது. ஒரு சத்தமும் இல்லை. "அக்கா, பாட்டு இருக்கிறது, ஆனால் பாடமாட்டேன் என்கிறது" என்றார். கடையில் கேட்டால், தங்கள் கணினியில் பாடுகிறது என்று பாட வைத்தே காட்டினார்கள். இருவரும் உண்மையே சொன்னார்கள்.

இந்த மர்மத்தை அவிழ்த்தவன் என் பெறாமகன், எனக்கு மகன் முறையானவன். பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், விடுமுறைக்கு வந்திருந்தான். ஏஎம்ஆர் செக்கனுக்கு 8000 மாதிரி, அதாவது 8000 அளவீடு. கடையில் மாற்றியவர் அந்த எண்ணை மாற்றாமல் 8000இலேயே எம்பி3 ஆக்கியிருக்கிறார். எம்பி3க்கான பன்னாட்டுத் தரத்தில் அந்த எண்ணே இல்லை; அங்கே ஆகக் குறைந்தது 16,000. 8000 பின்னால் சேர்க்கப்பட்ட ஒட்டு, தரத்துக்கு வெளியே நிற்கும் ஒன்று. கணினிகள் அதைப் புரிந்துகொள்ளும். ஒலிபெருக்கிப் பெட்டி, வாகனப் பெட்டி, பழைய சீடி இயந்திரம் போன்றவற்றில் பல புரிந்துகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். 44,100க்கு மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது. மாற்றுவதால் குரல் ஒன்றும் அழகாகிவிடாது. பெட்டிக்குப் பிடித்த சட்டையைப் போட்டுவிடுகிறோம், அவ்வளவுதான். யாரிடம் மாற்றக் கொடுத்தாலும் இந்த ஓர் எண்ணைச் சொல்லிக் கொடுங்கள். கடைக்கு என் புள்ளி பத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் கேட்டவுடன் பற்றுச்சீட்டு எழுதித் தந்ததற்காக.

இணையத்தில் மாற்றித் தரும் தளங்கள் எத்தனையோ. ஒன்றில் முயன்றேன். கோப்பை ஏற்ற வேண்டும், அது எங்கோ ஒரு நாட்டில் மாறும், பிறகு இறக்க வேண்டும். சிறிய கோப்புகளுக்கு வேலை நடந்தது. நான்காவது கோப்பில் பணம் கேட்டது. இறக்கும் பொத்தான் எது, விளம்பரம் எது என்று கண்டுபிடிப்பது தனிக்கலை. அதைவிட வேறொரு விஷயம் என்னைத் தடுத்தது. 14ஆம் எண் கோப்பு புராணம் இல்லை. ஐயாவும் சித்தப்பாவும் எங்கள் எல்லை வேலியைப் பற்றி, யார் கதியாலை (வேலிக் கம்பை) யார் தள்ளி நட்டார் என்று முக்கால் மணிநேரம் பேசிய பேச்சு. போனை நிறுத்த மறந்திருக்கிறார். பக்கத்துக் காணிக்காரருக்கு அவர் கொடுத்த பட்டங்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன. அதை முகம் தெரியாத ஒருவரின் கணினியில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. நேர்முகப் பேட்டி, வழக்குப் பேச்சு, வைத்தியரோடு பேசியது போன்றவற்றை வைத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். புள்ளி: மூன்று.

பிறகுதான் இலவச மென்பொருட்களுக்கு வந்தேன். காசு கொடுத்த இடத்திலிருந்து காசில்லாத இடத்துக்கு வரும்போது தரம் ஏறியது இதில்தான்.

விஎல்சி. செம்மஞ்சள் கூம்பு படம் போட்டிருக்கும். 1996இல் பாரிஸ் அருகே மாணவர்கள் தொடங்கிய வேலை, 2001 முதல் எவரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. பலரும் படம் பார்க்க மட்டும் வைத்திருக்கிறார்கள். முதல் மெனுவுக்குள் 'மாற்று, சேமி' என்று ஒன்று இருப்பது தெரியாது. எனக்கும் தெரியாது. கோப்பைக் கொடுத்து, எம்பி3 என்ற வகையைத் தெரிந்து, எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னால் செய்துவிடுகிறது. அது தருகிற எம்பி3 வழமையாகவே 44,100இல் வருகிறது, ஆகவே ஒலிபெருக்கிப் பெட்டிச் சிக்கல் தானாகவே நீங்கியது. மாறிக்கொண்டிருக்கும்போது பாட்டு ஓடும் கோடுதான் ஓடும், சத்தம் வராது. அது ஓடி முடிந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். இது தெரியாமல் முதல் கோப்பை நடுவில் நிறுத்திவிட்டேன். ஒன்றிரண்டு கோப்பு மாற்ற வேண்டியவர்களுக்கு இது போதும். புள்ளி: ஏழு.

23ஐயும் ஒரேயடியாக மாற்றியது எஃப்எஃப்எம்பெக். 2000இல் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. வேறு பல மாற்றிகளும் உள்ளே இதைத்தான் வைத்துக்கொண்டு வெளியே தங்கள் சட்டையைப் போட்டிருக்கின்றன. இதற்குப் பொத்தானும் இல்லை, படமும் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி எழுத வேண்டும். பெறாமகன் எழுதினான். உள்ளே போகும் கோப்பு, மாதிரி எண் 44,100, வெளியே வரும் கோப்பு, இவ்வளவும் ஒரே வரியில். இன்னொரு வரியில் இதையே 23க்கும் செய் என்றான். நான் தேத்தண்ணீர் ஊற்றக் குசினிக்குப் போனேன். கேத்தில் கொதிக்கு முன்னரே "பெரியம்மா, முடிந்துவிட்டது" என்றான். 3450 ரூபா நினைவுக்கு வந்தது.

வேகத்தைவிட அவன் போட்டுக் காட்டிய ஒரு கணக்குதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். 7ஆம் கோப்பு 41 நிமிடம். ஏஎம்ஆராக அது 4 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு, ஏனென்றால் செக்கனுக்கு 1600 பைட். அதையே எதையும் இழக்காத டபிள்யூஏவி ஆக 8000 மாதிரியிலேயே விரித்தால் செக்கனுக்கு 16,000 பைட். சரியாகப் பத்து மடங்கு, 39 மெகாபைட். அதே கோப்பைச் செக்கனுக்கு 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் எவ்வளவு? அதுவும் செக்கனுக்கு 16,000 பைட், அதே 39 மெகாபைட். அதாவது, சுருக்குவதற்காகப் பிறந்த எம்பி3 இங்கே ஒன்றையும் சுருக்கவில்லை. மூலத்தைப்போல் பத்து மடங்கு இடத்தை எடுத்துக்கொண்டு, மேலதிகமாகக் கொஞ்சம் தரத்தையும் கழித்துக்கொண்டு வருகிறது. 320 கிலோபிட்டில் மாற்றித் தருகிறோம், உயர் தரம் என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். 4000 ஹேர்ட்ஸுக்கு மேல் இல்லாத குரலை எந்த எண்ணும் கொண்டுவந்து தராது. தனிக்குரலுக்கு, ஒற்றைத் தடத்தில், 64 தாராளம்.

ஆகவே நாங்கள் செய்தது இது. மூல ஏஎம்ஆர் கோப்புகளை இரண்டு இடத்தில் அப்படியே வைத்தோம். வெட்டித் திருத்துவதற்கு டபிள்யூஏவி. கொடுப்பதற்கும் அனுப்புவதற்கும் மட்டும் எம்பி3, அதுவும் ஒரே ஒரு தடவை, கடைசியில். எம்பி3யை வெட்டி மறுபடி எம்பி3 ஆக்கி, அதை இன்னொருவர் வேறொன்றாக்கினால் ஒவ்வொரு தடவையும் குரல் தேயும். நிழற்பிரதியை நிழற்பிரதி எடுப்பதுபோல. எஃப்எஃப்எம்பெக்குக்குப் பத்துக்கு ஒன்பது. என்னால் தனியே எழுத முடியாத அந்தக் கறுப்பு வரிக்காக ஒன்றைக் குறைத்தேன்.

வெட்டுவதற்குப் பயன்பட்டது ஓடாசிட்டி. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கி, 2000இல் வெளிவந்த இலவச மென்பொருள். ஏஎம்ஆரை நேரே திறக்க வேண்டுமானால் எஃப்எஃப்எம்பெக் நூலகத்தை இதனோடு தனியே சேர்க்க வேண்டும். நாங்கள் டபிள்யூஏவியையே கொடுத்ததால் அந்த வேலை மிச்சம். குரலை மலைத்தொடர்போல் வரைந்து காட்டுகிறது. இரண்டு நாளில் எனக்குப் படம் பிடிபட்டுவிட்டது. ஒற்றை ஊசிபோல் நிமிர்ந்து நிற்பது தாள் புரளும் ஓசை. அகலமான மேடு ஐயா. நடுவில் சின்னதாக ஒரு கொத்து இருந்தால் அது கனைப்பு. கனைத்தால் அடுத்ததாகக் கதை வரும் என்று அர்த்தம். பொருள் சொல்லி முடித்து ஊர்க்கதை ஒன்றுக்குத் தாவும்முன் அவர் எப்போதும் ஒரு கனைப்புக் கனைப்பார். கோயிலில் பின்னால் இருந்து கேட்டபோது இதை நான் கவனித்ததே இல்லை. படத்தில் பார்த்துத்தான் அறிந்தேன்.

இரைச்சல் நீக்கும் வசதியில் நான்தான் பிழை விட்டேன். பேச்சு தொடங்கும்முன் உள்ள இரண்டு செக்கன் வெறும் இரைச்சலை மாதிரியாகக் காட்டி, அதை முழுவதிலுமிருந்து கழிக்கச் சொல்ல வேண்டும். ஆசைப்பட்டு 24 டெசிபெல் கழித்தேன். இரைச்சல் போனது, ஐயாவும் போனார். கிணற்றுக்குள் இருந்து யாரோ பேசுவதுபோல் ஆகிவிட்டது. 6ஆகக் குறைத்தேன். கொஞ்சம் இரைச்சல் மிச்சமிருக்க, குரல் குரலாக இருந்தது. தாள் ஓசைகளையும் வெட்டிவிடலாமா என்று பெறாமகன் கேட்டான். வேண்டாம் என்றேன். ஓடாசிட்டிக்கு எட்டு. பிழை என்னுடையது என்பதால் அதற்குப் புள்ளி குறைக்கவில்லை. மெனுக்கள் மலிந்து கிடப்பதற்குத்தான்.

31ஆம் நாள் காலை அந்தியேட்டிக் கிரியை முடிந்து, பந்தி தொடங்குவதற்கு முன் 7ஆம் கோப்பின் பதினைந்து நிமிடத்தைப் போட்டோம். ஒலிபெருக்கிப் பெட்டியில் எண் 1 வந்தது, நின்றது, பாடியது. 'சடக்' என்று முதல் தாள் புரண்டபோது விறாந்தையில் கதிரை போட்டிருந்த வாசிப்புக்காரர், ஐயாவோடு நெடுங்காலம் புராணம் படித்தவர், தன்னையறியாமல் கையை மடியில் புத்தகம் புரட்டுவதுபோல் அசைத்தார். மணி அடிக்கும் இடத்தில் மட்டும் சின்னப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதற்கு மருந்து இல்லை.

வாட்ஸ்அப் குரல் பதிவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், இப்போது பெரும்பாலானோரிடம் இருப்பவை அவைதான். ஐயா கடைசி இரண்டு வருடமும் ரொறன்ரோப் பேத்திக்கு அனுப்பியவற்றைத் தம்பி திருப்பி அனுப்பினான். அவை ஓப்பஸ் என்ற வகை. 2012இல் தரமாக்கப்பட்டது, ஏஎம்ஆரைவிட மிக நல்லது. விஎல்சியிலும் எஃப்எஃப்எம்பெக்கிலும் மேற்சொன்ன அதே வழியிலேயே மாறின. அவற்றில் 'ச' எல்லாம் 'ச'வாகவே இருக்கிறது. மூச்சு வாங்குவதும் நாக்கு உலர்வதும்கூடக் கேட்கின்றன. 2010இல் நிமிர்ந்து முழங்கிய குரல் தொலைபேசிப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. தளர்ந்துபோன குரல்தான் பக்கத்தில் இருந்து பேசுவதுபோல் தெளிவாக இருக்கிறது. இரண்டையும் ஒரே பென் டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்தடுத்துக் கேட்பதில்லை.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. 19ஆம் ஏஎம்ஆர் கோப்பு பற்றரி இறங்கி நடுவில் அறுந்தது. ஆனாலும் அறுந்த இடம் வரை ஒழுங்காகப் பாடுகிறது. துண்டு துண்டாக, ஒவ்வொன்றும் தன் காலில் நிற்கும்படி எழுதப்பட்டதால் அப்படி. ஐயா கடைசியாகப் பயன் சொன்ன நாளில் பெறாமகன் தன் புதிய போனில் பதிந்தது எம்4ஏ. அதுவும் நடுவில் போன் அணைந்து அறுந்தது. அது திறக்கவே இல்லை. அந்த வகைக் கோப்பில் உள்ளே எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலைப் பல போன்கள் பதிவு முடியும்போதுதான் எழுதுகின்றன. முடியாவிட்டால் பட்டியல் இல்லை. 11 மெகாபைட் நிறைய ஐயா இருக்கிறார், உள்ளே போகக் கதவு இல்லை. அதே போனில் பதிந்த உடையாத ஒரு கோப்பை மாதிரியாகக் கொடுத்தால் உடைந்ததைச் சரிப்படுத்த முயலும் கருவிகள் உண்டாம். பெறாமகன் அந்தப் போனை விற்றுவிட்டான். நேற்று இரவு பழைய பென் டிரைவ் ஒன்றைத் துழாவி, அதில் பதிந்த ஒன்பது செக்கன் கோப்பு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் நான் முருங்கைக்காய்க்கு விலை பேசியது. அதை வைத்து இந்த ஞாயிற்றுக்கிழமை முயலப்போகிறோம். அந்தக் கருவிக்குப் புள்ளி பிறகு.